மூன்றே மடிப்பில் மரணம்!

1

"ஐயோ…! மேஸி…! ஓடி வாடி…!"

அலறியது ரோண்டா பீலர்.

ரோண்டா சாமானியத்தில் அலறுகிறவள் இல்லை. இருபத்தைந்து வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். அறுபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கூச்சல் போட்டாலும், கண்ணாடியில் ஒரு முறை முறைத்தே அடக்கிவிடுவாள். அப்படிப்பட்டவள் அலறுகிறாள் என்றால்…?

மேஸி டில்லார்ட் கையிலிருந்த காபியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

சனிக்கிழமை. காலை எட்டு மணி. வட கரோலினா மலையடிவாரம். பிரையர் கேப் ரேஸ் மைதானத்தில் அக்டோபர் மூடுபனி இன்னும் முழுசாக விலகவில்லை.

மூன்றாவது வளைவு.

சுவரில் மூக்கை நசுக்கிக்கொண்டு ஒரு நீலக் கார் நின்றது. பக்கவாட்டில் மஞ்சள் நிறத்தில் பெரிதாக 41.

மேஸியின் கார்!

உள்ளே யாரோ இருந்தார்கள். ஹெல்மெட்டோடு… பெல்ட்டோடு… தலை தொங்கியபடி.

"யாரு ரோண்டா? யாரு அது?"

"எம்மெட்டுடி…" ரோண்டாவின் குரல் உடைந்தது. "நம்ம எம்மெட்டு!"

எம்மெட் க்ரௌஸ். மேஸியின் மெக்கானிக். அதற்கு முன்னால், இரண்டு வருஷத்துக்கு முன் இதே மைதானத்தில் செத்துப்போன அவளுடைய அண்ணன் டிராய்க்கு மெக்கானிக். 'பொம்பளை ஓட்டற காருக்கு இன்ஜின் கட்டறியே, வெக்கமா இல்ல?' என்று ஊரே கேட்டபோது, 'இன்ஜினுக்கு அதெல்லாம் தெரியாதுடா' என்று சொன்ன ஒரே ஆம்பளை.

மேஸி ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். இந்தக் கார்களில் கதவு திறக்காது. வெல்டிங் வைத்து மூடியிருக்கும். ஏறுவது, இறங்குவது எல்லாம் ஜன்னல்தான்.

எம்மெட்டின் கை சில்லென்றிருந்தது.

தோள் பெல்ட் இரண்டும் நெஞ்சில் பதிகிற அளவுக்கு இறுகியிருந்தன. தொங்க வேண்டிய பெல்ட் நுனிகள் தொங்கவில்லை. மூன்றாக மடித்து, பெல்ட்டுக்கு அடியிலேயே பாந்தமாகச் சொருகியிருந்தன.

சட்டையைக்கூட ஒரு நாளும் பேன்ட்டுக்குள் சொருகாத மனிதர்!

என்னவோ உறுத்தியது மேஸிக்கு. என்ன என்று யோசிப்பதற்குள் அழுகை வந்து கண்ணை மறைத்துவிட்டது.

அரை மணியில் ஷெரிஃப் வெண்டல் ப்ரூயிட் வந்தார். தீயணைப்பு ஆட்கள் கத்தியால் பெல்ட்டை அறுத்து, எம்மெட்டை வெளியே எடுத்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது.

ஷெரிஃப் தன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். அது போலீஸ் தொப்பி இல்லை. முன்பக்கம் 19 என்று தைத்த சிவப்புத் தொப்பி. சீசனின் கடைசி ரேஸ் அன்று அவர் வேறு தொப்பி போட்டதாக சரித்திரமே கிடையாது.

"புது இன்ஜின் மாட்டினீங்களாமே?"

"ஆமா ஷெரிஃப். நேத்துதான்."

"ஆசை யாரை விட்டுது? யாரும் வர்றதுக்கு முன்னால ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்திருக்காரு. பனியில சுவரு தெரியல. பாவம்."

"எம்மெட் ஓட்ட மாட்டாரு ஷெரிஃப். வேகம்னாலே அவருக்குப் பயம். சந்தைக்கே முப்பதுல போற மனுஷன்!"

"டாக்டர் பாத்துட்டு சொல்லட்டும்மா. எனக்குத் தெரிஞ்சு இது விபத்து."

அப்போதுதான் மூச்சிரைக்க ஓடி வந்தார் ராய்ஸ் டேட். மேஸியின் ஸ்பாட்டர். அதற்கு முன்னால் டிராய்க்கும் அவர்தான். கேலரிக்குப் பின்னாலுள்ள கட்டடத்தின் கூரை மேல் நின்றுகொண்டு, ரேடியோவில் டிரைவருக்கு வழி சொல்கிறவர். வந்த வேகத்தில் மேஸியைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"கண்ணு… என்ன கண்ணு இது… முதல்ல டிராய், இப்ப எம்மெட்… அதே மூணாவது வளைவு!"

மேஸியும் அவர் தோளில் சாய்ந்து அழுதாள்.

2

பகல் பதினோரு மணி.

நசுங்கிய 41-ஐ இழுத்து வந்து, தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார்கள். மேஸி காரை ஏற்றி வரும் வண்டியின் படிக்கட்டில் வழக்கம் போல வேர்க்கடலைத் தோல் இறைந்து கிடந்தது. ரேஸ்காரர்களுக்கு வேர்க்கடலைத் தோல் ஆகவே ஆகாது. அபசகுனம். மூன்று வருஷத்துக்கு முன்னால் மேஸி சின்ன கார்களில் ஜெயித்தபோது, பெண் ஓட்டுவது பிடிக்காதவர்கள் தொடங்கிய இந்த மரியாதை, 41-க்கு வந்த பிறகும் வாரா வாரம் தவறவில்லை.

"இன்னிக்குமாடா…?" ரோண்டா துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு கத்தினாள். "ஒரு சாவு விழுந்திருக்கு! உங்களுக்கெல்லாம் நல்ல சாவு வருமாடா?"

"விடு ரோண்டா."

"என்ன விடு? கூட்டிக் கூட்டி என் இடுப்பு போச்சு!"

மேஸி தார்ப்பாயையே பார்த்தாள். பதினைந்து ரேஸ் ஓடியாயிற்று. சாம்பியன் பட்டத்துக்கு இன்னும் நான்கே புள்ளி. இன்றைய ரேஸில் அவள் முதலாவதாக வந்தால், இந்த மைதானத்தின் ஐம்பது வருஷ வரலாற்றில் முதல் முறையாக ஒரு பெண்ணின் பெயர் அந்தச் சுவரில் ஏறும். டிராய் பெயர் ஏறாமலே போன சுவர்.

இப்போது காரும் இல்லை. எம்மெட்டும் இல்லை.

"ஏ பொண்ணு!"

திரும்பினாள்.

கோய் ஸ்ட்ராடர். ஐந்து முறை சாம்பியன். பத்தொன்பதாம் நம்பர். மூன்று வருஷமாக ஒரே மைதானத்தில் ஓடியும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாரா வாரம் இரண்டாவது வளைவில் பின்னாலிருந்து ஒரு இடி… அது மட்டும் தவறாமல் கொடுப்பார்.

"என்கிட்ட இன்னொரு கார் இருக்கு. எடுத்துக்கோ."

மேஸிக்குக் காதை நம்ப முடியவில்லை.

"எதுக்கு?"

"நீ ஓடாம நான் சாம்பியன் ஆனா, குளிர்காலம் பூரா காபிக்கடையில உக்காந்து அதையே சொல்லிக் காட்டுவானுங்க. ஓடு. தோத்துப் போ. அப்புறம் அழு."

"அழற வழக்கம் எனக்கில்ல."

"காலைல பாத்தேனே."

"அது எம்மெட்டுக்கு. உங்களுக்காக ஒரு சொட்டு வராது."

கோய் வாயிலிருந்த பல்குச்சியை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் தள்ளினார்.

"ரேடியோவும் அதுலயே இருக்கு. குமிழ்ல ஒண்ணாம் இடம் என் சேனல். ரெண்டுல உன்னோடத வெச்சுக்கோ." போய்விட்டார்.

பக்கத்தில் நின்றிருந்த ராய்ஸ் மெதுவாகச் சிரித்தார். "ரேடியோவை நான் பாத்துக்கறேன் கண்ணு. நீ போய்க் கொஞ்சம் படு."

அப்போதுதான் மேஸி கைப்பேசியை எடுத்தாள். காலையிலிருந்து தொடவே இல்லை.

ஒரு குரல் பதிவு. காலை ஆறு பத்துக்கு. எம்மெட்!

அழுத்தினாள்.

'மேஸி… நான்தாம்மா எம்மெட். டிராய் செத்த அன்னிக்கு ரேடியோல பேசினது மொத்தத்தையும் கேலரியில இருந்த ஒருத்தர் பதிவு பண்ணி வெச்சிருக்காரு. நேத்து என் கைக்கு வந்துது. நீ வந்ததும் ஒண்ணா கேப்போம். அது வரைக்கும் யார்கிட்டயும்…'

அதோடு நின்றுபோயிருந்தது.

"இது என்ன ராய்ஸ்?" மேஸி குழப்பமாகப் பார்த்தாள். "அன்னிக்குத்தான் ரேடியோ செத்துப் போச்சே? 'போகாதே போகாதே'ன்னு நீங்க கத்தினது அண்ணனுக்குக் கேக்கவே இல்லன்னு சொன்னீங்களே! அப்புறம் பதிவு பண்ண என்ன இருக்கு?"

"அதானே…" என்றார் ராய்ஸ்.

சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இதை வேற யார்கிட்டயாவது போட்டுக் காட்டினியா கண்ணு?"

"இன்னும் இல்ல. ரேஸ் முடிஞ்சதும் ஷெரிஃப்கிட்ட சொல்றேன். எம்மெட் நோட்டுல அந்த ஆளோட விலாசம் இருக்கும்."

"சொல்லு சொல்லு." அவள் தலையைத் தடவினார். "ரேஸ் முடியட்டும்."

3

மாலை மூன்று மணி.

கேலரியில் நாலாயிரம் பேர். முட்டைக்கோஸ் போட்ட ஹாட்டாக் வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து வந்தன. பாதிப் பேர் காதில் வாடகை ஸ்கேனர். எந்த டிரைவர் என்ன பேசுகிறார் என்று ஒட்டுக் கேட்கிற பெட்டி. யாருக்கு எந்த சேனல் என்று நுழைவாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கும். இந்த ஊரில் ரேஸைக் கண்ணால் பார்ப்பது பாதிதான். மீதி, காதால்.

மேஸி ஜன்னல் வழியாகக் காருக்குள் இறங்கினாள். ஹெல்மெட் மாட்டினாள். தலையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிற சீட். இனி கழுத்தைத் திருப்ப முடியாது. சின்னக் கண்ணாடி காட்டுவதுதான் உலகம். வலது பக்கம் சக்கரத்தை ஒட்டி ஒரு கார் பதுங்கியிருந்தால் கண்ணாடியிலும் தெரியாது. அதைச் சொல்லத்தான் கூரை மேல் ஒரு ஆள்.

ராய்ஸ் ஜன்னலுக்குள் தலையை விட்டார்.

டிரைவர் தன் தோள் பெல்ட்டைத் தானே முழுசாக இறுக்கிக்கொள்ள முடியாது. வெளியிலிருந்து ஒருவர் பலம் போட்டு இழுக்க வேண்டும். இரண்டு வருஷமாக வாரா வாரம் அதைச் செய்வது ராய்ஸ். பெல்ட்டைக் கட்டிவிட்டுத்தான் கூரைக்கு ஏறுவார்.

இடது பெல்ட். ஒரே இழுப்பு!

வலது பெல்ட். இன்னொன்று!

"மூச்சு விட முடியுதா கண்ணு?"

"முடியுது."

"நுனி கழுத்துல உரசக் கூடாது பாரு…"

ராய்ஸின் விரல்கள் பழக்கத்தில் தாமாகவே ஓடின. பெல்ட் நுனியை எடுத்தன.

ஒரு மடிப்பு.

இரண்டு மடிப்பு.

மூன்று…

பெல்ட்டுக்கு அடியில் சொருகின.

மேஸியின் கண் அந்த மடிப்பிலேயே நின்றது.

காலையில் உறுத்தியது இதுதான்! எம்மெட்டின் நெஞ்சில் இருந்தது இதே மடிப்பு… இதே சொருகல். எம்மெட் தானாகக் கட்டிக்கொள்ளவில்லை. யாரோ கட்டியிருக்கிறார்கள். பின்மண்டையில் அடித்துக் கொன்று, செத்த உடம்பை சீட்டில் வைத்து, விபத்து மாதிரி இருக்க வேண்டுமே என்று பெல்ட்டையும் இறுக்கியிருக்கிறார்கள். மூளை அதோடு நின்றுவிட்டது. கை நிற்கவில்லை! இரண்டு வருஷப் பழக்கம்… கை பாட்டுக்கு மடித்துவிட்டது!

"என்ன கண்ணு, வெளுத்துப் போயிட்டே?"

ஒரு சாண் தூரத்தில் அவன் முகம். அவன்தான். இனி என்ன 'அவர்' வேண்டிக் கிடக்கிறது?

"ஒண்ணுமில்ல. எம்மெட் ஞாபகம்."

"எனக்கும்தான்." அவன் ஜன்னல் வலையை மேலே இழுத்துப் பூட்டினான். "நான் சொல்றதை மட்டும் கேளு. உன் கண்ணு கூரை மேல இருக்கு."

போய்விட்டான்.

கத்தலாமா? முன்னாலும் பின்னாலும் இருபத்து நான்கு இன்ஜின்கள் உறும ஆரம்பித்துவிட்டன. ரேடியோவில் கத்தினால் முதலில் கேட்கிற காது ஒன்றே ஒன்றுதான். அவனுடையது! இறங்கி ஓடலாமா? ஓடினால் அவனுக்குப் புரிந்துவிடும். தார்ப்பாய்க்கு அடியில் அறுந்து கிடக்கிற அந்த பெல்ட் துண்டுகள் ஐந்து நிமிஷத்தில் காணாமல் போகும். அதோடு எம்மெட்டின் சாவு விபத்துதான். டிராயின் சாவும்.

பச்சைக்கொடி அசைந்தது!

4

முதல் முப்பது சுற்று… ராய்ஸ் ஒழுங்காகத்தான் சொன்னான்.

"கீழே ஒருத்தன்… கீழேயே இருக்கான்… போயிட்டான். க்ளியர்."

"மேலே ரெண்டு பேரு… இரு… இரு… க்ளியர்."

மேலே என்றால் வலது பக்கம், சுவர்ப் பக்கம். கீழே என்றால் இடது பக்கம். இடம் காலி என்றால் 'க்ளியர்'. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவார்.

மேஸி ஏறவில்லை. ஒவ்வொரு 'க்ளியரு'க்கும் அரை நொடி காத்திருந்தாள். ஒவ்வொரு அரை நொடிக்கும் ஒரு கார் அவளைத் தாண்டியது. மூன்றாவது இடத்திலிருந்து ஏழுக்கு வந்துவிட்டாள்.

"என்ன கண்ணு, தூங்கறியா? நான் சொன்னதும் போ!"

"டயர் வழுக்குது."

முப்பத்தெட்டாவது சுற்று. மூன்றாவது வளைவு நெருங்கியது.

"க்ளியர் மேலே! போ கண்ணு, போ!"

கை ஸ்டீயரிங்கைத் திருப்பப் பார்த்தது. அடக்கினாள்.

சர்ர்ர்ர்…! வலது பக்கம் ஒரு வெள்ளைக் கார் கதவை உரசுகிற மாதிரி பாய்ந்து போனது!

ஏறியிருந்தால்… நேராகச் சுவர். டிராய் போன அதே சுவர்.

"ஐயோ, மன்னிச்சுக்க கண்ணு! வெயில் கண்ணுல அடிச்சுது!"

மேஸிக்கு இப்போது பயம் இல்லை. ஆத்திரம்! பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "பரவால்ல ராய்ஸ்."

நாற்பத்தோராவது சுற்றில் எவனோ சுழன்றான். மஞ்சள் விளக்கு எரிந்தது. எல்லோரும் வேகம் குறைத்து, ஒருவர் பின்னால் ஒருவராக ஊர்ந்தார்கள்.

மேஸி ரேடியோ குமிழைப் பார்த்தாள். இரண்டில் இருந்தது.

ஒன்றுக்குத் திருப்பினாள்.

"ஸ்ட்ராடர்… நான் மேஸி டில்லார்ட்."

கரகரப்பு.

"என் சேனல்ல உனக்கென்ன வேலை, பொண்ணு?"

"என் ஸ்பாட்டர் என்னைக் கொல்லப் பாக்கறான்."

"ராய்ஸா? குடிச்சிருக்கியா?"

"எம்மெட்டைக் கொன்னதும் அவன்தான். இப்ப என் மேல இருக்கற பெல்ட்டும், காலைல எம்மெட் மேல இருந்த பெல்ட்டும் ஒரே கை கட்டினது. மூணு மடிப்பு. இந்த மைதானத்துல வேற எவனும் அப்படி மடிக்க மாட்டான். அறுத்த பெல்ட் இன்னும் தார்ப்பாய்க்குக் கீழதான் கிடக்கு."

கேலரியில் பதினாறாவது வரிசையில், சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் வாய்க்குக் கொண்டுபோன ஹாட்டாக்கை அப்படியே மடியில் இறக்கினார்.

"சரி," என்றார் கோய். குரல் மாறியிருந்தது. "நான் என்ன பண்ணணும்?"

"பச்சைக்கொடி விழுந்ததும் எனக்கு மேல வாங்க. என் வலது கதவை ஒட்டி. மூணாவது வளைவு முழுக்க நகராதீங்க. நான் அவன்கிட்ட 'இடம் இருக்கா'ன்னு கேக்கறேன். அவன் என்ன சொல்றான்னு ஊரே கேக்கட்டும்."

"பயந்து போய் நீ ஒரு அடி மேல ஏறினே… ரெண்டு பேருக்கும் ஒரே சவப்பெட்டிதான்."

"இந்த வருஷம் பதினைஞ்சு தடவை இடிச்சிருக்கீங்க. ஒரு தடவையாவது நான் கோடு மாறினேனா?"

கோய் யோசித்தார்.

"இல்ல."

"நீங்களும் ஒரு தடவைகூட ஒளிஞ்சு இடிச்சதில்ல. அதான் உங்ககிட்ட கேக்கறேன்."

கரகரப்பு. பிறகு: "ஹாஸ்… கேட்டியா?"

ஹாஸ், கோயின் ஸ்பாட்டர். ஆறே முக்கால் அடி. கூரை மேல் ராய்ஸுக்கு ஒரு கை தூரத்தில் நிற்பவன்.

"கேட்டேன்," என்றான் ஹாஸ், வானிலை சொல்கிற குரலில்.

"மூஞ்சியை மாத்தாதே."

"ஷெரிஃப்!" என்றாள் மேஸி. "நீங்க இந்த சேனலைத்தான் கேப்பீங்கன்னு உங்க தொப்பியைப் பாத்தாலே தெரியுது. ஸ்கேனர்ல என் சேனல் பதினேழு. மாத்துங்க… பக்கத்துல இருக்கறவங்களையும் மாத்தச் சொல்லுங்க!"

குமிழை இரண்டுக்குத் திருப்பினாள்.

"…கேக்குதா கண்ணு? மேஸி? எங்க போனே?"

"ரேடியோல ஏதோ தகராறு ராய்ஸ். இப்ப நல்லா கேக்குது."

"அப்பாடா! பயந்தே போயிட்டேன்."

5

பச்சை!

பத்தொன்பதாம் நம்பர் சிவப்புக் கார் வேண்டுமென்றே பின்தங்கி, வெளிப் பக்கமாக வந்து, மேஸியின் வலது கதவோடு ஒட்டிக்கொண்டது. நடுவில் ஒரு கை நுழையாது. மணிக்கு நூறு மைல்!

முதல் வளைவு. இரண்டாவது வளைவு. எதிர்ப்பக்க நேர்கோடு…

மேஸி ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தாள். கோய் ஒரு நொடி தடுமாறினால் போதும். அவள் ஒரு நொடி தடுமாறினாலும் போதும்.

"ராய்ஸ்! மேலே இடம் இருக்கா?"

கூரை மேல் ராய்ஸ் தெளிவாகப் பார்த்தான். நீல வானத்தின் கீழே, வெட்டவெளியில், ரத்தச் சிவப்பில் ஒரு கார். குருடனுக்கும் தெரியும்!

பொத்தானை அழுத்தினான்.

"க்ளியர் கண்ணு! மேலே யாருமே இல்ல. ஏறு!"

மேஸி ஏறவில்லை.

"நல்லா பாத்து சொல்லுங்க ராய்ஸ்."

"பாத்துட்டேன்! க்ளியர்! ஏறு… ஏறு… ஏறு!"

"அப்ப என் பக்கத்துல பத்தொன்பதுன்னு எழுதிக்கிட்டு வருதே… அது என்ன, தபால் பெட்டியா?"

ராய்ஸ் கையிலிருந்த ரேடியோவைப் பார்த்தான்.

ஏதோ சரியில்லை. ரேஸ் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் கூட்டத்தின் சத்தத்தையே காணோம். மெதுவாகக் குனிந்து கேலரியைப் பார்த்தான்.

நாலாயிரம் பேர்.

ஒருவர்கூட ரேஸைப் பார்க்கவில்லை!

எல்லோரும் கழுத்தைத் திருப்பி, அண்ணாந்து, கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனையே.

"நான்… தப்பாப் பாத்துட்டேன்… வெயிலு…"

"வெயில் நமக்குப் பின்னால இருக்கு ராய்ஸ்," என்றான் ஹாஸ். அவன் கை ராய்ஸின் சட்டைக் காலரில் இருந்தது. "நானும் இங்கதான் நிக்கறேன்."

ராய்ஸ் திமிறினான். கட்டைவிரல் இன்னும் பொத்தான் மேலேயே இருந்தது. அது அவனுக்கு மறந்துபோயிற்று.

"அது என் சீட்டுடா! டிராய்க்கு முன்னால அந்த 41-ஐ ஓட்டினது நான்! என்னை எறக்கிவிட்டு அந்தப் பொடியனை ஏத்தினாங்க. அவன் போனா எனக்கு வரும்னுதான் அன்னிக்கும் இதே மாதிரி 'க்ளியர்'னு சொன்னேன். யாருக்குக் குடுத்தாங்க? ஒரு பொட்டச்சிக்கு! ரெண்டு வருஷம்… வாரா வாரம் என் கையாலயே என் சீட்டுல அவளை வெச்சுக் கட்டினேன்டா! எம்மெட் கையில அந்தப் பதிவைப் பாத்தப்ப நான் வேற என்ன பண்றது?"

பாதிப் பேர் ஸ்கேனரில் கேட்டார்கள்; மீதிப் பேர் அவர்கள் சொல்லிக் கேட்டார்கள்.

ஹெல்மெட்டுக்குள் மேஸியும் கேட்டாள். அண்ணன்… இரண்டு வருஷமாக, அண்ணன் அவசரப்பட்டுத்தான் செத்தான் என்று நினைத்து அவன் மேல் கோபப்பட்டிருக்கிறாள். கண் பொங்கியது. ஸ்டீயரிங்கை மட்டும் அசைக்கவில்லை.

மஞ்சள் விளக்கு எரிந்தது. ஷெரிஃப் படிக்கட்டில் மூன்று மூன்று படியாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தார்.

"மேஸி!" காதில் ஒரு மூச்சிரைப்பு. ரோண்டா! "பெல்ட் சேதி காதுல விழுந்ததுலேர்ந்து நான் தார்ப்பாய் மேலேயே உக்காந்திருந்தேன்டி, கையில ஸ்பானரோட! போலீஸ்காரங்க வந்து பெல்ட்டை எடுத்துட்டாங்க. மடிப்பு கலையவே இல்ல! இப்ப கூரைக்கு ஏறிட்டேன். நான் சொல்றேன் வழி!"

"உனக்கு ஸ்பாட்டர் வேலை தெரியுமா?"

"அறுபது வாலுங்களைக் கண்ணாடியில பாத்துக்கிட்டே மலைப்பாதையில பஸ் ஓட்டறவ நான்! இங்க இருபத்தஞ்சுதான் இருக்கு… ஓட்டுடி!"

6

ஓட்டினாள்.

ஆறு… ஐந்து… மூன்று… கடைசிச் சுற்றுக்கு இரண்டு சுற்று முன்னால் முதலிடம்!

கடைசிச் சுற்று, இரண்டாவது வளைவு. பின்னாலிருந்து ஒரு இடி. வழக்கமான இடி. வழக்கமான ஆள். மேஸி வழுக்கினாள், நிமிர்ந்தாள், துரத்தினாள்… அரை கார் நீளத்தில் கோய் ஸ்ட்ராடர் ஜெயித்தார். ஆறாவது முறை சாம்பியன்.

மேஸி ஜன்னல் வழியாக இறங்கியபோது கோய் எதிரே வந்து நின்றார்.

"கொலைகாரனைப் பிடிக்க ஒத்தாசை பண்ணினேன்னு கப்பையும் குடுப்பேன்னு நெனச்சியா?"

"குடுத்திருந்தா மூஞ்சியிலேயே எறிஞ்சிருப்பேன்."

கோய் கையை நீட்டினார். "அடுத்த வருஷம் பாக்கலாம், டில்லார்ட்."

அந்தப் பெயரால் அவர் இதுவரை டிராயை மட்டும்தான் கூப்பிட்டிருந்தார். மேஸி கையைக் குலுக்கினாள்.

வண்டிக்குப் போனபோது படிக்கட்டைப் பார்த்தாள். ஒரு தோல் இல்லை. யாரோ தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார்கள். பக்கத்தில் இரண்டு இளவட்டங்கள், துடைப்பத்தோடு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். ரோண்டா அவர்களைக் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசல் பக்கம் ஷெரிஃபின் கார் நின்றது. பின் சீட்டில் ராய்ஸ், விலங்கு மாட்டிய கைகளோடு.

"கார்களைத் தள்ளிவிடற லாரியோட முன்பக்கத்துல உன் நீலப் பெயின்ட் ஒட்டியிருக்கும்மா," என்றார் ஷெரிஃப். "அதை வெச்சுத்தான் உன் காரைத் தள்ளிக் கொண்டுபோய் சுவத்துல மோதியிருக்கான். எம்மெட் கொண்டுவந்த பதிவும் இவன் பெட்டியில இருந்துது. காலைல விபத்துன்னு சொன்னேன்… மன்னிச்சுக்க."

"பரவால்ல ஷெரிஃப். ஒரே ஒரு நிமிஷம்."

மேஸி ஜன்னலுக்குள் தலையை விட்டாள். ஒரு சாண் தூரத்தில் ராய்ஸின் முகம். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

சீட் பெல்ட்டை எடுத்தாள். அவன் மார்புக்குக் குறுக்கே இழுத்து மாட்டினாள். ஒரே இழுப்பில் இறுக்கினாள்.

"இதுல மடிச்சுச் சொருக நுனியே கிடையாது. ஜெயில் வரைக்கும் கழுத்துல உரசும்… கொஞ்சம் பொறுத்துக்கோ, கண்ணு!"